கறியில் மின்னிய பச்சை

என் சின்ன மருமகனைப் பற்றித்தான் சொல்கிறேன். மாப்பிள்ளையை அவன் இவன் என்கிறேனே என்று மகள் முறைக்கிறாள். முறைக்கட்டும். அவன் நான் பெறாத பிள்ளை.

அவனும் அவன் அண்ணனும் சேர்ந்து இறைச்சிக் கடை வைத்திருக்கிறார்கள். விடியுமுன் போய்ப் பார்த்து வாங்கி வருவது அண்ணன். வெட்டிக் கொடுப்பது இவன். இவன் கைக்கு நிதானம் உண்டு. வாய்க்குத்தான் கிடையாது.

போன மழைக்காலத்தில் வெட்டுப் பலகைக்கு மேலே பளிச்சென்று வெள்ளை விளக்கு மாட்டினார்கள். இவன் புதுக் கத்தி ஒன்று வாங்கி, முடியைப் பிளக்கிற மாதிரி தீட்டி வைத்தான். முதல் நாளே தொடைக்கறியைத் துண்டு போடும்போது, வரிசையில் முன்னால் நின்ற தையல்கார அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, பச்சையா மினுங்குது? எத்தனை நாள் கறி இது?"

கடை நிறைய ஆட்கள். இவன் முகர்ந்து பார்த்திருக்கலாம், விரலால் அழுத்திப் பார்த்திருக்கலாம். அதெல்லாம் இல்லாமல் அண்ணன் பக்கம் திரும்பி, "நேத்து மிச்சத்த என் தலையில கட்டிட்டியாண்ணே?" என்றான்.

அண்ணன், கறை படாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அத்தனை கறியும் குப்பைக்குப் போனது.

மறுநாள் இவனே போய், கண்ணெதிரே அறுத்ததை வாங்கி வந்தான். துண்டு போட்டால் அதே பச்சை, ஓரத்தில் செம்பு நிறம். துண்டைச் சாய்த்தான், பச்சை நகர்ந்தது. இன்னும் சாய்த்தான், காணாமலே போனது. பழைய மழுங்கல் கத்தியால் பக்கத்திலேயே வெட்டினான், மினுக்கமே இல்லை. கெட்டுப்போன கறியின் பச்சை இப்படி இடம் மாறுமா? புறாக் கழுத்திலும் தண்ணீரில் சிந்திய எண்ணெயிலும் ஓடுகிற அதே நிறம்தான் இது. கறியில் நார்கள் நெருக்கி அடுக்கியிருக்கின்றன. கூரான கத்தி குறுக்கே வழவழவென்று வெட்டியதும், வெளிச்சம் அந்த அடுக்கில் பட்டு நிறம் நிறமாகப் பிரிகிறது. இதற்காகவா கூடப் பிறந்தவரைச் சந்தி சிரிக்க வைத்தோம் என்று அன்று அவன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

சாயங்காலம் ஒரு துண்டைத் தட்டில் வைத்து மூடி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினான். நீங்கள் வேண்டாம் அத்தை என்றான்; நான் கேட்பேனா? கூடவே போனேன். விளக்கடியில் தட்டைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினான். அண்ணன் தட்டைப் பார்க்கவேயில்லை.

"அது எனக்கு எப்பவோ தெரியும்டா."

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"நீ எங்க கேட்ட? தீர்ப்பே சொல்லிட்டியே."

இவன் தட்டைக் கீழே வைத்தான். கடைக்கு வாண்ணே என்று கெஞ்சினான். அன்றைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் துண்டைச் சாய்த்துக் காட்டி, அண்ணன் வாங்கியது நல்ல கறி, அவசரப்பட்டது நான்தான் என்று சொன்னான். காது மடல் இரண்டும் கறி நிறம். தையல்கார அம்மாவிடமும் துண்டைச் சாய்த்துக் காட்டினான்.

"எங்க பட்டுத்துணியும் இப்படித்தாம்பா மின்னும்," என்றாள் அவள். "அண்ணனத் திட்டறதுக்கு முன்னாடி கறியத் திருப்பிப் பாத்திருக்கக் கூடாதா?"

அந்த வாரக் கடைசியில் அண்ணன் வந்து மேல்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார். இன்றுவரை வேலைப் பேச்சு மட்டும்தான். கத்தியின் கீழே பச்சை மினுங்கும்போதெல்லாம் இவன் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.