திசைதப்பும் புலத்தில் ஒரு கடவு

இடது கை கல்லைத் தாங்கியது. வலது கை அதை ஒரு சுற்றுத் திருப்பி, கீழிருந்த இரண்டு கற்களின் மேலும் படியும்படி அமர்த்தியது. ஆட்டிப் பார்த்தது. ஆடவில்லை. சந்தில் சில்லுகளைத் திணித்துவிட்டுக் கைகள் அடுத்த கல்லுக்குப் போயின.

மலக்கி டூஹிக்குக் கல்சுவர் கட்ட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கால்வே ஊர்ப் பக்கத்தில் சரிந்து கிடந்த சுவர்களைப் பிரித்துப் பார்த்தே முப்பது வருடமாகக் கற்றுக்கொண்டவர். எங்கே கூப்பிட்டாலும் போவார், திசைதப்பும் புலம் என்கிற இந்த மேய்ச்சல் நிலத்தைத் தவிர. பால் கறக்க வந்த ஒருத்தி வழி தெரியாமல் விடிய விடியச் சுற்றி, சுவரில் வழிவிட்ட கடவுக்கு மூன்றடி தள்ளிச் செத்துக் கிடந்தாளாம். அதிலிருந்து இந்தப் பெயர். போட்டிருக்கும் மேல்கோட்டைக் கழற்றி உள்வெளியாகப் புரட்டி மாட்டிக்கொண்டால்தான் கடவு மறுபடி கண்ணில் படும் என்பார்கள்.

"பேருக்குப் பயந்தா பொழைக்க முடியுமா? அடுத்த மாசம் மாடு வருது. கடவை ஒடுக்கிக் குடுங்க, கேட் மாட்டணும்" என்று புலத்தை வாங்கிய டீலியா கினான் சிரித்தே சம்மதிக்க வைத்திருந்தாள்.

எட்டாம் நாள் மத்தியானம் ஒரே ஒரு மேல்கல்தான் பாக்கி. நடுப்புலத்துக் கற்குவியலில் அதை எடுத்து நிமிர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. கடவுக்கு இருபது தப்படி. நடந்தார், சுவர் இல்லை. இன்னும் இருபது. காலில் இடறியது அதே குவியல்.

கை தோளுக்குப் போனது. வேர்க்கிறதென்று கோட்டைக் கழற்றிக் கடவுச் சுவரில் போட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் பிறந்தவன் செய்கிற காரியமா?

"மலக்கி! டீ ஆறுது!" டீலியாவின் குரல் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது.

"உள்ள வராத, டீலியா! அங்கயே நின்னு பேசு!"

"என்னத்தப் பேச?"

"எதையாவது. திட்டேன்."

"திட்டவா? மூணு நாள் வேலைய எட்டு நாளா இழுக்கற மனுசன..."

குரலை நோக்கி நடந்தார். குரல் சட்டென்று நின்றது. பெயர் சொல்லிக் கத்தினார். கல்லை நெஞ்சோடு அணைத்தபடி, அந்தச் செத்துப்போனவளும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைத்தார்.

அவர் முழங்கையை ஒரு கை பிடித்தது.

டீலியா. அவள் கோட்டின் உள்துணியும் தையலும் வெளியே தெரிந்தன.

"சிரிச்சீங்க, இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்."

அவர் சிரிக்கவில்லை. எட்டாவது தப்படியில் கடவு வந்தது.

வெளிப்பக்கம் நின்றே மேல்கல்லை ஏற்றினார். பிறகு ஒதுங்கி, "தள்ளிப் பாரு" என்றார்.

அவள் இரண்டு கையாலும் தள்ளினாள். சுவர் அசையவில்லை.

"இனி உன்னுது" என்றார் மலக்கி.