என் சைக்கிள் லைட்டுக்கு வழிவிட்ட மூன்று ஜீப்புகள்

மூன்று வாரம் மல்லுக்கட்டி, நாலு எல்இடி பல்பு, பழைய செல்போன் பேட்டரி, ஒரு சோப்பு டப்பா என்று ஒட்டவைத்து சைக்கிளுக்கு நானே லைட்டு செய்தேன்.

இன்று விடிகாலைப் பனிமூட்டத்தில் அதோடு போடிமெட்டிலிருந்து இறங்கினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயர் ஆடி, லைட்டு அணைந்து அணைந்து எரிந்தது.

நம் மலை ரோட்டில் வளைவுக்கு முன்னால் அப்படி லைட்டு அடித்தால், ‘நான் வர்றேன், நில்லு’ என்று அர்த்தம். ஏலக்காய் எடுக்கப் போகும் ஆட்களோடு எதிரே மூன்று ஜீப்புகள் நின்றுவிட்டன.

பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக நான் வந்து சேர்ந்தேன்.

“லோடு லாரின்னுல்ல ஒதுங்கி நிக்கிறேன்! சைக்கிளாண்ணே?” என்றார் முதல் ஜீப்பு டிரைவர்.

உள்ளேயிருந்து ஓர் அக்கா, “நேரத்துக்குத் தோட்டத்துல போய்ப் பேரு குடுக்கலைன்னா இன்னைக்குச் சோலி இல்லப்பு” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

டிரைவர் லைட்டைத் தட்டிப் பார்த்தார். மொத்தமாக அணைந்துவிட்டது.

“எந்தக் கடையில வாங்குனீக?”

“போடியிலதான், ஒரு கடையில.”

“இனி அங்கிட்டுப் போயிராதீக.”

மீதி மலையைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன்.

அந்தக் கடை நான்தான். மூடிவிடட்டுமா, சொல்லுங்கள்.