கூடவே மூச்சு விட்டவள்

மேற்கு மாம்பலத்தில் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நர்ஸ் செல்வி போன் செய்தார். "சார், நம்ம வைதேகி மேடம் போய்ட்டாங்க." எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கீரையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் வைதேகியோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பழக்கம் மறந்திருக்காது. மூச்சிரைக்கும் நோயாளிக்கு வென்டிலேட்டர் வைக்கும் முன், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் விடும் வேகத்துக்கே தானும் மூச்சு விட்டுப் பார்ப்பாள். மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவன் என்ற உரிமையில் கிண்டல் செய்வேன். "யாருடி நோயாளி, நீயா அவரா?"

"இரு சலீம், எனக்கே தலை சுத்தறது. நீ வைக்கச் சொல்ற மெஷின் இவ்வளவு வேகமா ஊதுமா?"

பழக்கம் வந்த கதையைப் புதிதாக வரும் டாக்டர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள். சர்க்கரை எகிறி, ரத்தத்தில் அமிலம் ஏறிய ஒருவர். களைத்துவிட்டாரே என்று குழாய் போட்டு, மெஷினை வழக்கமான வேகத்தில் வைத்தாள். அதுவரை வேகவேகமாக மூச்சு விட்டு அவர் சமாளித்துக்கொண்டிருந்த அமிலம் சட்டென்று ஏறியது. இதயம் நின்றுவிட்டது. "அவர் சும்மா மூச்சு வாங்கலை. தனக்குத்தானே வைத்தியம் பண்ணிண்டிருந்தார். நான் நிறுத்திட்டேன்" என்பாள். அன்றைக்கு எங்களோடு காபிக்கு வரமாட்டாள்.

சிந்தாதிரிப்பேட்டை மீன்காரர் ஒருவர் தன் மனைவிக்காக அவளிடம் சண்டைக்கே வந்தார். "இன்னா டாக்டரம்மா, மூச்சு இப்டி வாங்கிக்கினு கீது, மிஷின் வைக்காம பாத்துக்கினு கீறீங்க?"

"அந்த மூச்சுதாங்க இப்போ அவங்களைக் காப்பாத்துது. இன்சுலின் வேலை செய்யட்டும். நான் இங்கேதான் இருப்பேன்."

சொன்னபடி நகரவில்லை. மாலையில் மூச்சு தணிந்து, அந்தப் பெண் டீ கேட்டாள். கணவரை அழைத்துக் காட்டிய வைதேகியின் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். "அவருக்கும் இப்படிக் காத்திண்டிருந்திருக்கலாம்" என்று பழைய நோயாளியைப் பற்றித்தான் பேசினாள்.

பிறகு அவளுடைய சிறுநீரகமே கைவிட்டது. டயாலிசிஸ் போதும் என்று அவளே முடிவெடுத்து, ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் படுத்துவிட்டாள். போன வாரம் பார்க்கப் போனேன். ஆழமாக, வேகமாக மூச்சு. அவள் ரத்தத்திலும் அமிலம் ஏறுகிறது, இனி சில நாள்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தாய், அந்த ஒருவரை இனியாவது விட்டுவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, அவள் வேகத்துக்கு நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"போறும் சலீம். உனக்கு மயக்கம் வந்துடும்."

சொல்லாமலே திரும்பிவிட்டேன். அது என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நாற்காலிப் பழக்கம்தான். மூச்சிரைப்பவர் வந்தால் இப்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே விட்டுப் பார்க்கிறேன். போறும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.