அந்துருண்டை வாசம் அடித்த ஸ்பானர்கள்

அந்துருண்டை வாசம்... எங்கள் மோட்டார் ஷெட்டில் ஒரு வருஷம் ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். லாரி டிரைவர்கள் மோந்து பார்த்துவிட்டு, "இன்னாபா, பீரோல வச்ச கூறைப் புடவையாட்டம் இருக்குது" என்று சிரிப்பார்கள்.

காரணம் நான்தான்.

எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ இருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் கிளார்க். பழைய இரும்பு கேபினெட்டுகளை ஏலம் விட்டார்கள். நாலு டிராயர், பச்சை பெயின்ட், ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கல். ஆறு வருஷம் நான் ஃபைல் வைத்து எடுத்தது, பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை போட்டுப் போட்டு. என் வீட்டுக்காரர் ஷெட்டில் சாமான்கள் கோணிச் சாக்கில் கிடந்தன. ஒரு ஸ்பானர் தேட அரை மணி நேரம் ஆகும் அவருக்கு. நச்சரித்து அதை ஏலத்தில் எடுக்க வைத்தேன்.

டிராயர்களில் நான் டைப் அடித்து ஒட்டிய ஊர்ப் பெயர்கள் அப்படியே இருந்தன. கிழிக்க மனசு வரவில்லை. அதனால் ரிங் ஸ்பானர் எல்லாம் 'மாகறல்' டிராயரில் குடியேறின. கனமான சாமான்கள் அடியில், 'ஓரிக்கை'யில்.

ஓரிக்கை ஏழுமலையின் ஊர். ஏழுமலை என் வீட்டுக்காரரோடு ஒன்றாகத் தொழில் கற்றவர், இரண்டு வயது மூத்தவர். இவர் தனியாக ஷெட் போட்டபோது, இருந்த வேலையை விட்டுவிட்டு இவரை நம்பி வந்தவர். "என் ஊர்லதான் வெயிட்டு ஜாஸ்தி" என்று அந்த டிராயரைத் திறக்கும்போதெல்லாம் சொல்வார். தினம் சொன்னாலும் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு ராட்செட் வாங்கி வந்தார். பாக்ஸ் ஸ்பானரை மாட்டித் திருப்புகிற கைப்பிடி, ஃபாரின் சரக்கு. அதைத் துடைத்த மாதிரி அவர் சைக்கிளைக்கூடத் துடைத்ததில்லை.

ஒரு நாள் அதைக் காணோம்.

எனக்கு அப்போது அது தெரியாது. ஏழுமலை ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டதற்கு, ஜுரம் என்றார் இவர். பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையின் சம்சாரத்தைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து இவரைப் பிடி பிடி என்று பிடித்தேன்.

திருடன் என்றெல்லாம் இவர் சொல்லவில்லையாம். "உன் பையில கிய்யில தவறி உழுந்துருக்கப் போவுது, பாரு ஏழுமலை" என்றாராம். அவ்வளவுதான்.

ஏழுமலை பையை மேஜை மேல் கவிழ்த்திருக்கிறார். டிபன் பாக்ஸ், துண்டு, பீடிக்கட்டு. எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு போனவர்தான்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அடி டிராயர கழட்டிப் பாத்தீங்களா?"

எங்கள் ஆபீஸில் ஃபைல் காணோம் என்றால் முதலில் அடி டிராயரைத்தான் கழற்றுவோம். டிராயர் ரொம்பி, வேகமாகத் தள்ளினால் மேலே இருப்பது பின்பக்கமாக எகிறி அடியில் விழுந்துவிடும். பியூனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஷெட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கேபினெட்டைக் கொடுத்த நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவே இல்லை... இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

ஓரிக்கை டிராயரை வெளியே எடுத்தோம். பின்னால் இரண்டு போல்ட், ஒரு பழைய அந்துருண்டை, அந்த ராட்செட்.

அப்போதே சைக்கிளில் ஓரிக்கைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வாசலிலேயே ராட்செட்டை எடுத்து நீட்டினார். "தப்பு என்து ஏழுமலை. பின்னாடி உழுந்து கெடந்துச்சி" என்றார்.

ஏழுமலை அதை வாங்கிப் பார்த்தார். "கெடைச்சிதில்ல, உடு வரதா" என்று எங்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். மறுநாளே வேலைக்கும் வந்துவிட்டார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அன்று சாயங்காலம் கை கழுவிவிட்டுக் கிளம்பும்போது, ஏழுமலை பையைத் திறந்து என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார்.

"இன்னாபா இது..."

"பாத்துக்கோ வரதா. நாளைக்கி நீ தேடிக்கினு இருக்க வேணாம் பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாளும் காட்டினார். அதற்கு மறுநாளும். உடம்பு முடியாமல் வேலையை விடும்வரை பதினோரு வருஷம், ஒரு நாள் தவறவில்லை. சண்டை இல்லை, பேச்சில் குறை இல்லை, எங்கள் பையன் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். ஆனால் சாயங்காலம் பையைத் திறந்து காட்டாமல் போகமாட்டார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஏழுமலை குனிந்து அங்கேயும் காட்டிவிட்டுப் போவார்.

இப்போது இரண்டு பேருமே இல்லை. ஷெட்டும் இல்லை. கேபினெட் மட்டும் என் மகன் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் நிற்கிறது, டிரில்லிங் மெஷினும் ஸ்க்ரூ டப்பாக்களுமாக.

போன மாதம் ஏழுமலையின் பேரன் பத்திரிகை வைக்க வந்திருந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் கேட்டில் எல்லோரும் பையைத் திறந்து காட்டணுமாம்.

"கஷ்டமா இல்லியாபா?" என்று கேட்டேன்.

"இதுல இன்னா ஆயா இருக்குது? எல்லாருக்கும்தான் செக்கிங்கு" என்றான்.

எல்லார் பையையும் பார்த்தால் யாருக்கும் வலிக்காது போலிருக்கிறது... நாங்கள் ஒருத்தர் பையை, ஒரே ஒரு நாள்தான் பார்த்தோம்.

அவன் போன பிறகு ஓரிக்கை டிராயரைத் திறந்தேன். ராட்செட் உள்ளேதான் இருக்கிறது, புதுசு மாதிரி. அன்றைக்கு ஏழுமலை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பிறகு என் வீட்டுக்காரர் அதைக் கையால் தொடவே இல்லை.