பரமு மூக்கை மூடிச் சமைத்த நாள்கள்

1. வெங்காயம்

வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் பரமு கரண்டியை என் கையில் திணித்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். லோங்காங் சாக்கடையில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

குருபோங் பக்கம் ஒரு தொழிற்சாலை கேண்டின் அது. பரமு அங்கே தலைமைச் சமையல்காரி. நான் காய் நறுக்குகிறவள். வயதில் அவள் எனக்கு மகள் மாதிரி, வேலையில் எனக்கு மேலே. செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த நான், பிள்ளைகள் டவுனுக்கு வந்ததால் அவர்களோடு வந்து இந்த வேலையில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச எப்போதும் கூச்சம். ஆனால் பரமுவைப் பற்றி யாராவது எழுத வேண்டும். வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

பாத்திரம் கழுவும் சரசு எட்டிப் பார்த்தாள். "என்னா பரமு, முழுகாம இருக்கியா?"

"இந்த வயசுலயா? போ சரசு, சிரிக்க வெக்காத, மறுபடியும் வரும்." வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மாத்திரைலா. புது மாத்திரை."

சில மாதங்களாகவே அவளுக்குப் பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், இதோ செத்துவிடுவோம் என்று இருக்கும். இருதயத்தைச் சோதித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு கிளினிக் டாக்டர், இது பதற்ற நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். படபடப்பு குறைவதற்கு முன்னால் மற்றதெல்லாம் வந்தது. குமட்டல், வாய் வறட்சி, கை நடுக்கம், கொட்டாவிமேல் கொட்டாவி.

"அது மெண்டல் மாத்திரைலா," என்றாள் சரசு. "தூக்கி லோங்காங்ல போடு. கோயில்ல மந்திரிச்சி ஒரு கயிறு கட்டு, சரியாப் போயிடும்."

"கயிறும் கட்டிக்கிறேன், மாத்திரையும் போட்டுக்கிறேன். ஒன்னோட இனிப்புநீர் மாத்திரைய யாரு லோங்காங்ல போட்டா?"

சர்க்கரை வியாதிக்குத் தினமும் மாத்திரை போடுகிற சரசு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான் தலை குனிந்து வெங்காயத்தைக் கிளறினேன். எனக்குப் பதற்ற நோய் வந்திருந்தால் தலைவலி என்று சொல்லி மறைத்திருப்பேன். இவள் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

ஆனால் சாயங்காலம் தனியாக இருக்கும்போது, "விட்டுடலாம்னு இருக்கு அக்கா. வயித்துல ஒண்ணும் நிக்கல," என்றாள். "கிளினிக் போவோம், நானும் வரேன்," என்றேன்.

மலாய்க்கார டாக்டர் அம்மா பொறுமையாகப் பேசினார். தானாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். உடம்பு பழகச் சில வாரம் ஆகும், பெரும்பாலும் அதற்குள் குமட்டல் குறைந்துவிடும், இனிமேல் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடு, அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வா, வேறு மாற்றித் தருகிறேன் என்றார்.

2. இரண்டு முகமூடி

சில வாரம் என்று சொல்வது எளிது. அடுப்பு முன்னால் நின்றே சம்பாதிக்கிறவள் தாளிக்கும் வாசனையிலிருந்து எங்கே ஓடுவது? பரமு முகமூடி போட்டாள். போதவில்லை, மேலே இன்னொன்று போட்டாள். குமட்டல் அடங்கியது. ஆனால் மூக்கும் அடைந்துபோனது.

அங்கேதான் சிக்கல். பரமு எஸ்டேட் கோயில் பூசைக்குச் சமைத்த வீட்டுப் பெண். அடுப்பில் இருக்கும் சமையலை நாக்கில் வைக்க மாட்டாள். வைத்தால் அது எச்சில். உப்பு, புளி, காரம் எல்லாம் கொதி வாசனையை வைத்தே சொல்லிவிடுவாள். இறக்கியதும் முதல் கரண்டி சோறும் குழம்பும் பின்சுவர் மேல் காக்கைக்கு. அப்புறம்தான் மனுசர்களுக்கு. அதற்குள் மணி அடித்துவிடும், வரிசை வந்துவிடும்.

"இனிமே காக்காதான் ருசி சொல்லணும்," என்று சரசு கிண்டல் பண்ணினாள்.

மறுநாளே மீன் குழம்பு கெட்டது. கேண்டினைக் குத்தகைக்கு எடுத்த முதலாளி வந்து நின்றார்.

"கொழம்பா இது? கடல் தண்ணி மாரி இருந்திச்சின்னு ஃபேக்டரி மேனேஜர் போன்ல கத்துறாருலா. இன்னொரு கம்ப்ளேன் வந்திச்சி, வேற ஆள் போட்டுருவேன். சொல்லிட்டேன்."

பரமு முகமூடியை இறக்கினாள். "மொதலாளி, பதட்டத்துக்கு மருந்து சாப்புடுறேன். அது ஒத்துக்கிற வரைக்கும் மூக்க மூடித்தான் சமைக்கணும், வாசன தெரியாது, வாயும் கசக்குது. நாளைலேருந்து வெள்ளனவே அடுப்பு பத்த வெக்கிறேன். காக்காக்கு வெச்சதும் அக்கா ருசி பாத்து சொல்லுவாங்க. கொறைய சரி பண்ண நேரம் இருக்கும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "இவங்களா? இவங்க வாயத் தொறந்து நான் பாத்ததே இல்லையே."

எனக்கு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

3. புளி

அடுத்த நாள் முதலாளி வேண்டுமென்றே வந்து நின்றார். காக்கைக்கு வைத்தாயிற்று. பரமு கரண்டியை நீட்டினாள். உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். ஒரு குறை இருந்தது. அவள் சமையலைக் குறை சொல்வதா, அதுவும் அவர் முன்னால்?

பரமு என் காதருகே வந்தாள். "என் மனசு நோகும்னு பாக்காதீங்க அக்கா. என் வேல இப்ப ஒங்க வாயிலதான் இருக்கு."

"புளி பத்தல," என்றேன்.

"என்னா? கேக்கல," என்றார் முதலாளி.

"புளி பத்தலங்க! உப்பு சரியா இருக்கு."

நான் சொல்லி முடிப்பதற்குள் பரமு புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. அன்று கம்ப்ளேன் வரவில்லை. இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வந்தார்கள்.

அதன்பிறகு வேலையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். கை நடுங்கும் நாளில் அவளுடைய மீன் வெட்டும் கத்தியும் என்னிடம், அரிசி களைவது அவளிடம். வாய் காய்ந்தால் தண்ணீர் போத்தல் பக்கத்திலேயே இருக்கும். எல்லா நாளும் நல்லபடியாகப் போகவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாப் வரை வந்து, ஏற முடியாமல் திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் வந்து, "நேத்து முடியல மொதலாளி," என்றாள். காய்ச்சல் என்று பொய் சொல்லவில்லை. முதலாளி முணுமுணுத்தார், ஆனால் வேறு ஆள் தேடவில்லை.

4. பருப்பு

ஒரு காலையில் பரமு வெளியே கேஸ் சிலிண்டர்த் தோம்பை மாற்றிக்கொண்டிருந்தாள். நானும் சரசுவும் உள்ளே பேச்சு மும்முரத்தில் இருந்தோம். வெளியிலிருந்து ஒரு சத்தம்:

"பருப்பு அடிப்பிடிக்குது! யாருலா அடுப்புல?"

ஓடிப்போய் இறக்கினோம். அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நின்ற எங்களுக்குத் தெரியவில்லை. பரமு வாசலில் நின்றாள், முகமூடி தாடையில் தொங்கியது. அடிப்பிடித்த வாசனையை அவ்வளவு ஆசையாக இழுத்த ஆளை நான் பார்த்ததில்லை.

"காக்காக்கு வேல போச்சி," என்றாள் சரசு.

பரமு இன்னும் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறாள். பஸ்ஸில்தான் வருகிறாள், தூங்கிக்கொண்டே வருகிறாள் என்று கேள்வி. முகமூடியை விட்டுவிட்டாள். ஆனாலும் காக்கைக்கு வைத்ததும் கரண்டி என் பக்கம் நீள்கிறது.

"மூக்குதான் வந்திருச்சே பரமு?"

"மூக்கு வந்திருச்சி. நான் கரண்டிய நீட்டுறத நிறுத்துனா நீங்க பேசுறதும் நின்னுடுமே அக்கா."

இதில் நான் படித்துக்கொண்டது ஒன்றுதான். மருந்து உடம்பில் பழகும்வரை மருந்தையும் விட வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். வேலையைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அதை வாய்விட்டுக் கேட்கத் துணிச்சல் வேண்டும். அது பரமுவிடம் இருந்தது. எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நேற்று சாம்பாரில் உப்பு தூக்கல் என்று சொன்னேன், வாசலில் நின்ற முதலாளிக்கும் கேட்கிற மாதிரி.