ஹார்லன் போடாத பெருக்கல் குறி

வெர்னாவின் விரல்கள் தபாலில் வந்த வாக்கு உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தன. உறையில் ஒரு கையெழுத்து, திரையில் பழைய கையெழுத்து. பொருந்தினால் இடப்பக்கம், பொருந்தாவிட்டால் வலப்பக்கம். வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அவளுக்கு அதுதான் வேலை. அன்று கையில் வந்தது அவள் கணவன் ஹார்லனின் உறை. தன் குடும்பத்தார் உறையைச் சரிபார்க்கக் கூடாது என்பது விதி. பக்கத்து மேசைக்குத் தள்ளினாள். அங்கே அது வலப்பக்கம் போனது.

பக்கவாதத்தில் ஹார்லனின் வலக்கை விழுந்து எட்டு மாதம். அவரைக் குளிப்பாட்டவும் நடக்க வைக்கவும் அரசு செலவில் வாரம் இருபது மணி நேரம் நான் போனேன். அந்த நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாமா என்று மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு. வேண்டாம் என்று குறித்து, உறையில் இடக்கையால் கையெழுத்தைக் கிறுக்கி அனுப்பியிருந்தார்.

பொருந்தாத கையெழுத்தைச் சரிசெய்யத் திருத்தப் படிவம் வீட்டுக்கு வந்தது. கை முடியாதவர் இரண்டு சாட்சிகள் முன்னால் பெருக்கல் குறி போட்டால் போதும். திங்கட்கிழமை கடைசி நாள். அன்று மதியம் வரை அவர் அதைத் தொடவில்லை.

"ஒரு கோடு, குறுக்க இன்னொரு கோடு. அவ்வளவுதான்," என்றாள் வெர்னா.

"அது மாட்டுக்குப் போடற சூடு. நான் மாடு மேய்ச்சவன், மாடு இல்ல. என் பேரை நான் எழுதியாச்சு."

"எழுதின லட்சணம்தான் தெரியுதே. கோழி கிளறின மாதிரி."

"உன் ஆபீஸ்காரங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நானா இருந்தாலும் அந்தப் பக்கம்தான் வெச்சிருப்பேன், ஹார்லன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஹில்டி, நீயாவது இவகிட்ட சொல்லேன்."

"குறியைப் போடுங்க. நான் சாட்சி போடறேன். சூப் ஆறுது."

இடக்கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மருந்துக்கு வாய் திறக்காதவர்களை வழிக்குக் கொண்டுவர எனக்குப் பயிற்சி உண்டு. வாக்குக்கு அப்படிச் செய்ய முடியாது. ஐந்து மணி ஆனதும் வெர்னா பேனாவை மூடினாள்.

செவ்வாய் மாலை முடிவை உறுதி செய்தார்கள். சில ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் நேரக் குறைப்பு வென்றது. அவருடைய ஒரு வாக்கால் எதுவும் மாறியிருக்காது. அதை நாங்கள் இருவரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை, வீட்டில் ஆள் வேண்டும், இனி வேலைக்கு வர முடியாது என்று வெர்னா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். பிறகு, நான் இல்லாத நேரத்துக்காக, ஹார்லனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு என்றேன். மூன்றாவது முறை சரியாக வந்தது.