ஒரு ஸ்டார் வாங்கிய ஊர்

இன்று மதிய ஷிஃப்டுக்கு ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில், என் லைனில் வேலை செய்யும் சலீம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். செல்போனில் தான் ஆடும் ஊர் கட்டும் கேமுக்கு ஒரு ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதி, அதைச் சத்தமாகப் படித்தான்.

“ஒரு செவுரு கட்ட பதினோரு நாள் காத்திருக்கணும். காசு கட்டினா ஒடனே முடியுது. ஏமாத்து வேலை. யாரும் டவுன்லோடு பண்ணாதீங்க.”

அனுப்பிவிட்டு மறுபடியும் அதே கேமைத் திறந்தான்.

“அப்பறம் எதுக்குடா ஆடற? அழிச்சிட வேண்டியதுதான?”

“மூணு வருசமா கட்டின ஊருண்ணா. இப்ப விட்டா அவ்ளோவும் வீணாப் போயிடும்ல?”

எட்டு வருடமாகப் பர்மனென்ட் ஆகாத இந்தக் காண்ட்ராக்ட் வேலையை விடச் சொல்லும் மனைவியிடம் நான் சொல்வதும் இதையேதான்.

கம்பெனி கேட்டில் கார்டைக் காட்டிவிட்டு இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டோம்.

நீங்கள் எந்த விஷயத்துக்கு ஒரு ஸ்டார் போட்டுவிட்டு இன்னும் உள்ளேயே இருக்கிறீர்கள்?